அடியில் கிடந்த முப்பத்தேழு முடிவுகள்

"சர்வர் நல்லாத்தான் இருக்குது."

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களில் யார் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைச் சொல்லியே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு கோபம் தணியும் என்றார்கள். எனக்குக் கூடியிருக்கிறது. அதில் பாதி மற்றவர்கள் மேல், மீதிப் பாதி யார் மேல் என்பது போகப் போகத் தெரியும்.

செஞ்சியில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனை. கணினிப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பிரிவு என்றால் நான் ஒருவன், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. ஆய்வகத்தில் ஒரு லினக்ஸ் சர்வர். ரத்தப் பரிசோதனை முடிவுகளை அதில் தட்டச்சு செய்வார்கள். ஆனால் அவை அதற்குள் தங்குவதில்லை. பின்கட்டில் இருந்த சேமிப்பு இயந்திரத்தின் ஒரு ஃபோல்டரை ஆய்வக சர்வர் நெட்வொர்க் வழியாகத் தன் வீட்டு அலமாரி போலத் திறந்து வைத்துக்கொள்ளும். எழுதுவதெல்லாம் அங்கே போய்ச் சேரும். இதற்கு அந்த நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தைப் புரிந்துகொள்ளும் மாட்யூல் என்ற சின்னத் துண்டு கர்னலுக்குள், அதாவது இயந்திரத்தின் மூளைக்குள், ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் அலமாரி திறக்காது. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் இதில் விழுவோம்.

ஒரு வருடம் கோடையில் பாதுகாப்புத் தணிக்கை என்று ஒன்று வந்தது. வந்தவர்கள் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். பயன்படுத்தாத மாட்யூல்களை முடக்க வேண்டும். அதற்கு மாட்யூலுக்கு ஒன்றாக இன்னின்ன வரிகளை எழுத வேண்டும். அந்த வரியின் அழகை நீங்கள் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும். இந்த மாட்யூலை ஏற்றச் சொல்லி யாராவது கேட்டால் ஏற்றாதே, அதற்குப் பதில் ஒரு சின்ன புரோகிராமை ஓட்டு என்று அது சொல்கிறது. அந்தப் புரோகிராம் செய்யும் ஒரே வேலை, "ஆச்சு, வெற்றி" என்று பதில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வது. நம் நிர்வாகங்களை நன்றாக அறிந்த ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எட்டு வரிகள். எட்டையும் அப்படியே எடுத்து ஒட்டினேன். "பயன்படுத்தாத" என்று தலைப்பில் இருந்ததை வாசித்துவிட்டுத்தான் ஒட்டினேன். எட்டில் ஒன்று எங்கள் அலமாரியைத் திறக்கும் மாட்யூல்.

அன்று எதுவும் நடக்கவில்லை. ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருப்பதை அந்த வரி இறக்கிவிடாது. இயந்திரம் அடுத்த முறை எழும்போதுதான் கடிக்கும். பட்டியலின் கடைசியில் "மறுதொடக்கம் செய்து சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு கட்டம். மருத்துவமனை ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரை எப்படி நிறுத்துவது? கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் செய்திருந்தேன், அதற்கு முந்தைய வருடம். அதிகாரிகள் ஆய்வுக்கு வந்த ஒரு நாளில் கரண்ட் போய் சர்வர் மறுபடி எழும்போது அலமாரி திறக்கத் தாமதமாகி, திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள் வந்து அப்படியே நின்றுவிட்டது. நிர்வாக அலுவலர் என்னைக் கூப்பிட்டார்.

"வந்தவங்க முன்னால செவப்பு செவப்பா வருது. மானம் போவுது சார். அது வராம பண்ண முடியாதா?"

முடியும். அலமாரி திறந்தாலும் திறக்காவிட்டாலும் சத்தம் போடாமல் எழுந்து வேலையைத் தொடர் என்று இயந்திரத்துக்குச் சொல்ல ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லையும் எழுதினேன். காரணத்தைச் சரிசெய்யச் சொல்லவில்லை அவர். நிறத்தை மாற்றச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன். அதற்கு எனக்கு ஒரு பாராட்டும் கிடைத்தது.

எங்கள் ஊரில் சர்வரை வருடத்துக்கு ஒரு முறைதான் அணைப்போம், ஆயுத பூஜைக்கு. கத்திரிக்கோல், ஸ்டெதஸ்கோப், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும்போது சர்வருக்கு மட்டும் வைக்காவிட்டால் மருத்துவமனை எலக்ட்ரீஷியன் கோபித்துக்கொள்வார். ஓடுகிற இயந்திரத்துக்குப் பூஜை செய்யக் கூடாது என்பது அவர் சாஸ்திரம். ஆகவே அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து அவரே பட்டனை அழுத்துவார். வருடா வருடம் சந்தனம் பட்டன் இடுக்கில் இறங்கி, அதைக் குண்டூசியால் நோண்டுவது என் வேலை.

அந்த விஜயதசமிக்கு நான் அவலூர்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தேன். பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். "ஸ்விட்ச்சப் போட்டா வரப்போவுது, நீங்க மெதுவா வாங்க சார்" என்றார் எலக்ட்ரீஷியன்.

ஸ்விட்ச்சைப் போட்டார். வந்தது. சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லாமல், வெகு மங்களகரமாக வந்தது.

ஆய்வகத்தில் முடிவுகளைப் பதிவு செய்பவர் பரிதா. கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. மூன்று வருடமாக ஒப்பந்த வேலை. எட்டு மணிக்கு உட்கார்ந்தார். முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்த தொண்டூர்க்காரர்கள், வல்லம்காரர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு, வாசலில் பொரிகடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். டெக்னீஷியன் எழுதிக் கொடுத்த சீட்டுகளைப் பார்த்து பரிதா தட்டச்சு செய்தார். பதிவு முடிந்த சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

நடுவில் வார்டிலிருந்து போன்: பழைய முடிவுகள் எதுவும் திரையில் வரவில்லை. எலக்ட்ரீஷியன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கொரங்குதான். கேபிளக் கடிச்சிருக்கும்."

செஞ்சியில் கரண்ட் போனால் குரங்கு, போன் போனால் குரங்கு, ஃபைல் காணாமல் போனாலும் குரங்கு. கோட்டையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகள் உண்மையிலேயே கேபிளைக் கடித்திருக்கின்றன, இரண்டு முறை. அந்த இரண்டு முறையை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் எத்தனையோ பேர் வேலை பார்க்காமல் காலம் தள்ளியிருக்கிறோம். அவர் தடியோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு நான் வந்தேன். இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தேன்: அலமாரி திறக்கவில்லை, மாட்யூல் ஏறவில்லை, ஏற்றச் சொன்னால் "வெற்றி" என்கிறது. என் வரி அடையாளம் தெரிந்தது. தடையைத் தாண்டி மாட்யூலைக் கையால் ஏற்றி, ஃபோல்டரை மவுண்ட் செய்து அலமாரியைத் திறந்தேன். வார்டில் பழைய முடிவுகள் வந்தன. அந்த வரியையும் நீக்கினேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன் மாடியிலிருந்து இறங்கி வந்து, "தொரத்திட்டேன் சார், வந்துச்சா?" என்றார். "வந்துச்சு" என்றேன். குரங்கின் தலையில் பழி விழுவதில் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. டீ குடிக்கப் போனேன்.

மதியம் ஒரு மணிக்கு நிர்வாக அலுவலர் என் மேசைக்கே வந்தார்.

"காலையில எட்டுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் எடுத்த ரிசல்ட் ஒண்ணு கூட இல்ல. அந்தப் பொண்ணு போட்டேன்னு சாதிக்குது. சிஸ்டத்துல எதுனா கோளாறா?"

"பதினோரு மணிக்கு ஒரு சின்ன ட்ரபுள், சரி பண்ணிட்டேன். இப்ப சர்வர் நல்லாத்தான் இருக்குது."

"டேட்டா எதுனா அழிஞ்சிருக்குமா?"

"அழிஞ்சிருந்தா பழசும் போயிருக்கும். பழசெல்லாம் அப்படியே இருக்குது."

"அப்ப அது போடவே இல்ல. அதான?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. "அத நான் எப்படி சார் சொல்ல முடியும்" என்றேன். இந்த மாதிரிப் பதிலுக்கு நம் தொழிலில் நல்ல பயிற்சி உண்டு. ஒரு ஆளைக் கையால் தொடாமல் பள்ளத்தில் தள்ள இதைவிட நாகரிகமான வழி கிடையாது.

ஆய்வக வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எல்லோருக்கும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். சர்க்கரைக்குக் கொடுத்தவர்கள் சாப்பிட்டுவிட்டதால் நாளைக்கு மறுபடி வெறும் வயிற்றோடு வர வேண்டும். வல்லத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் டெக்னீஷியனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"காலையில ஒரு குப்பி எடுத்தியே, அது இன்னா ஆச்சு?"

"கம்ப்யூட்டர்ல இல்ல பெரியவரே."

"நான் கம்ப்யூட்டருக்கா குடுத்தேன்? உன்கிட்டதான குடுத்தேன்!"

இந்த அமளிக்கு நடுவில் அலுவலர் பரிதாவை அறைக்குள் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல இவர் எழுத வேண்டும். "விஜயதசமியன்று காலை என் கவனக்குறைவால் பரிசோதனை முடிவுகளைப் பதிவு செய்யத் தவறிவிட்டேன்." பரிதா முதலில் மாட்டேன் என்றிருக்கிறார். அலுவலர் சொன்ன பதில் இது: "சிஸ்டத்துல தப்பில்லன்னு சாரே சொல்லிட்டாரு. எழுதிக் குடுத்தா வார்னிங்கோட போவும். இல்லன்னா இன்னிக்கே கிளம்பு." எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். அந்தக் கடிதம் ஃபைலில் இருக்கும்வரை யாரும் புதுப்பிக்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், அலுவலருக்கும் தெரியும்.

இரண்டு மணிக்குப் பரிதா என் அறைக்கு வந்தார். அழுதிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. என்னைவிடக் கோபமாக இருந்தார்.

"சார், நான் சொல்றத ஒருத்தரும் முழுசாக் கேக்கல. நீங்களாவது கேக்கறீங்களா?"

"சொல்லும்மா."

"காலையில லிஸ்ட்டத் தொறந்தா காலி சார். ஒரு பேரு இல்ல. முந்தாநேத்து வரைக்கும் போட்டது ஒண்ணுமே காணம். பூஜைக்கு எல்லாத்தையும் தொடச்சிட்டாங்க போலன்னு நெனச்சேன். எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட சொன்னேன், அவரு தடிய எடுத்துகினு மாடிக்குப் போயிட்டாரு. சரின்னு என்னுதப் போட்டேன். நான் போட்டது மட்டும் வரிசையா நின்னுது. முப்பத்தேழு. எண்ணி வெச்சேன். நீங்க வந்து இன்னாவோ பண்ணீங்க. பழசெல்லாம் திரும்ப வந்துச்சு, என்னுது போயிடுச்சு. ரெண்டும் ஒண்ணாவே நடந்துச்சு சார். நீங்க பண்ண அந்த ஒரு நிமிசத்துலதான்."

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கும் அவர் பேசி முடிப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது.

அலமாரி திறக்காதபோது அது திறக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் ஃபோல்டர் இருக்கும். ஆய்வகத்துப் புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த வெறும் ஃபோல்டரிலேயே எழுதிக்கொண்டு போகும். அவர் உழைத்த மூன்று மணி நேரம் அங்கேதான் சேர்ந்தது. பதினோரு மணிக்கு நான் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்காமல் அதன் மேலேயே மவுண்ட் செய்துவிட்டேன். தரையில் நெல் காய்கிறதா என்று பார்க்காமல் பாயை விரித்தவன் மாதிரி. நெல் எங்கேயும் போகவில்லை. அதன்மேல் நான் உட்கார்ந்துகொண்டு, இங்கே நெல்லே இல்லை என்று சாட்சி சொல்லியிருக்கிறேன்.

முப்பது வருட அனுபவத்தில் நான் கேட்ட மிகத் துல்லியமான பிழை அறிக்கை அது. தொழில்நுட்பச் சொல் ஒன்றுகூட இல்லை. அதே அறிக்கையை அவர் அலுவலரிடமும் சொல்லியிருக்கிறார். "கத கட்டாத" என்று பதில் வந்திருக்கிறது.

அலுவலரைப் போய்ப் பார்த்தேன். "ரிசல்ட் இருக்குது. அடியில கெடக்குது" என்றேன். உடனே அவருக்கு அவசரம் வந்துவிட்டது. "அப்ப மேல இருக்கறதப் புடுங்கி எடுங்க சார், வாசல்ல ஜனம் கத்துது!" அந்த நேரம் வார்டிலும் ஆய்வகத்திலும் ஆறேழு பேர் அந்த ஃபோல்டருக்குள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கினால் அவர்கள் எழுதுவது அந்தரத்தில் போகும். காலைக் கூத்து இன்னொரு முறை நடக்கும். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னும் எவ்ளோ நேரம், இன்னும் எவ்ளோ நேரம்" என்றார். கையை மேசைமேல் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு எதையும் கழற்றாமல், சர்வரின் சொந்த டிஸ்க்கை மட்டும் இன்னொரு இடத்தில் மறுபடி மவுண்ட் செய்தேன். அப்படிப் பார்த்தால் மேலே விரித்தது தெரியாது, தரை மட்டும் தெரியும்.

இருந்தன. எட்டு மணி ஐந்து நிமிடத்திலிருந்து பத்து மணி ஐம்பது நிமிடம் வரை, நேரத்தோடு, வரிசையாக. எண்ணினேன். முப்பத்தேழு.

எடுத்து உரிய இடத்தில் சேர்த்தேன். வாசலில் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். வல்லத்துப் பெரியவர் தன் முடிவை வாங்கிக்கொண்டு, "ஒளிச்சி வெச்சிருந்தாங்கடா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை.

அலுவலர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெடச்சிடுச்சில்ல. அத்தோட வுடுங்க."

"பரிதா லெட்டர் சார்?"

"அது ஃபைல்ல போட்டாச்சு. ஃபைல்ல போனத எடுக்க முடியாது, உங்களுக்குத் தெரியாத ரூலா?"

எனக்குத் தெரியாத விதி கிடையாது. அதுதான் என் வியாதி. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். தணிக்கை வரியைச் சரிபார்க்காமல் சேர்த்தது நான்; மறுதொடக்கம் செய்யாமலே செய்ததாகக் கையெழுத்திட்டது நான்; சிவப்பு எழுத்தை மறைத்தது நான்; பதிவான முடிவுகளின் மேல் மவுண்ட் செய்ததும் நான். ஒன்றையும் விடவில்லை. "இதை அந்த லெட்டருக்கு மேல வையுங்க. யார் ஃபைலத் தொறந்தாலும் முதல்ல என்னுதத்தான் படிப்பாங்க" என்றேன். பெருந்தன்மையாக ஏதோ செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

பரிதா கதவருகில் நின்றிருந்தார்.

"மேல வெச்சா அடியில இருக்கறது போயிடுமா சார்?"

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"இப்பதான நீங்களே காட்டினீங்க. அடியில அப்டியேதான இருந்துச்சு முப்பத்தேழும்? என் லெட்டரும் அப்டியேதான் இருக்கும். என்னிக்கோ ஒரு நாள் எவனோ எடுத்துப் படிப்பான். எனக்கு மேல ஒண்ணும் வேணாம். அது அங்க இருக்கக் கூடாது."

எனக்கு வந்த கோபத்தை அலுவலர் மேல் காட்டுவதா என் மேல் காட்டுவதா என்று ஒரு கணம் தெரியவில்லை. அவர் மேலேயே காட்டினேன். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் விதியைச் சரியான பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"விளக்கம் கேட்டு மெமோ குடுத்தீங்களா சார்?"

"வாயால கேட்டேன்."

"மெமோ நம்பர் இல்லாம வாங்குற விளக்கத்துக்கு ஃபைல்ல இடம் கிடையாது. அது ஆபீஸ் பேப்பரே இல்ல, உங்களுக்கு அந்தப் பொண்ணு எழுதுன சொந்த லெட்டர். அத ஃபைல்ல வெச்சிருக்கறதுதான் தப்பு. தணிக்கை வந்தா, யாரு சொல்ல யாரு எழுதுனாங்கன்னு நானே சொல்றேன்."

அலுவலர் ஃபைலைத் திறந்து, நூலை அவிழ்த்து, கடிதத்தை உருவி நீட்டினார். பரிதா வாங்கினார். கிழிக்கவில்லை. தன் கையெழுத்துதானா என்று பார்த்தார், மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார், போய் மதியச் சீட்டுகளைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என் கடிதம் மட்டும் என் ஃபைலுக்குப் போனது. எண் போட்டுத்தான் கொடுத்தேன். இன்றும் அங்கே இருக்கும்.

நீங்கள் கேட்பீர்கள், இதிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்று. அந்த வெறும் ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டினேன். அலமாரி திறக்காவிட்டால் இனி புரோகிராம் கத்தும். சிவப்பு எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், யாருக்கும் மானம் போகவில்லை. இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இல்லாதது ஒன்றுதான். சர்வர் நன்றாக இருக்கிறதா என்று சர்வரிடம் கேட்காதீர்கள். அது "வெற்றி" என்றுதான் சொல்லும். நாமே சொல்லிக் கொடுத்தது.

அடுத்த மாதம் பரிதாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னதாக, பட்டப்பகலில், எல்லோருக்கும் சொல்லிவிட்டு சர்வரை அணைத்து எழுப்பினேன். எலக்ட்ரீஷியன், பொட்டு வைக்காமல் எதற்கு அணைக்கிறீர்கள் என்று முறைத்தார். பரிதாவை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"பழசு வந்துச்சா?"

"இருங்க சார்." மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தார். "வந்துச்சு. இப்ப நான் ஒண்ணு போடறேன். பின்கட்டு மெஷின்ல அது வருதான்னு நீங்க போய்ப் பாருங்க."

போனேன். பார்த்தேன். வந்து சொன்னேன்.

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"மறுதொடக்கம் செய்து சரிபார்க்கப்பட்டது" என்று அந்த வருடத் தணிக்கைப் பட்டியலில் இருந்த கட்டத்துக்கு நேராகப் பேனாவை எடுத்த நான், அதை அவர் பக்கம் நீட்டினேன். உடனே வாங்கவில்லை. திரைக்குத் திரும்பி, தான் போட்டது இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.